காற்றே இல்லாத காலையில் பாராமோட்டரைக் கிளப்புவது

இலை அசையாத விடியற்காலையில் பாராமோட்டரில், அதாவது முதுகில் எஞ்சினைச் சுமந்து துணி இறக்கையில் தொங்கியபடி, பறப்பது சுகம். ஆனால் கிளம்பத் தேவையான காற்றை உங்கள் ஓட்டம்தான் தர வேண்டும். பயிற்சியாளரிடம் கற்றவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

முதலில் ஒரு குச்சியில் நூல் கட்டிப் பாருங்கள். துளி பின்காற்று இருந்தாலும் ஓடும் திசையை மாற்றிவிடுங்கள்.

விங்கை, அதாவது துணி இறக்கையை, உங்களுக்குப் பின்னால் குதிரை லாட வடிவில் விரியுங்கள். நடுப்பகுதி உங்களிடமிருந்து அதிகத் தொலைவில் இருக்கட்டும். அப்போதுதான் அங்குள்ள கயிறுகள் முதலில் இழுபட்டு, விங்கின் நடு அறைகளில் முதலில் காற்று நிறையும். கயிறு எதுவும் ப்ரொப்பெல்லரைச் சுற்றியுள்ள கூண்டில் மாட்டவில்லையே என்று பார்த்துவிட்டு, சரியாக நடுவில் நில்லுங்கள்.

ஓடத் தொடங்கியதும் ஏ ரைசரை (விங்கின் முன்விளிம்புக் கயிறுகள் வந்து சேரும் பட்டையை) பிடித்து இழுக்காதீர்கள். உள்ளங்கையில் தாங்கினால் போதும், கைகள் தானாக மேலே எழும். இழுக்க வேண்டியது உடம்பு. விங் தலைக்கு மேல் வந்ததும் ரைசரை விட்டு, அது முந்திப் பாயாமல் லேசாக பிரேக் (பின்விளிம்பை இழுக்கும் கயிறு) கொடுத்து, பிறகு முழு த்ராட்டில், அதாவது எஞ்சினுக்கு முழு வேகம்.

இங்கேதான் பலர் குனிந்துவிடுகிறார்கள். குனிந்தால் ப்ரொப்பெல்லரின் விசை முன்னோக்கித் தள்ளாமல் தரைப்பக்கம் அழுத்தும். முதுகை நிமிர்த்துங்கள், எஞ்சின் தள்ளட்டும், நீங்கள் ஓடுங்கள். வெயில் ஏறிய பிறகென்றால், சூட்டில் காற்று லேசாகிவிடுவதால், இன்னும் நீளமாக ஓட வேண்டியிருக்கும். விங் சாய்ந்தால் அதற்கடியில் ஓடிச் சேருங்கள். முடியவில்லையா, உடனே எஞ்சினை அணையுங்கள்.

கால் தரையை விட்டதும் சீட்டில் உட்காரும் அவசரம் வேண்டாம். நன்றாக உயரம் ஏறும்வரை கால்கள் ஓடத் தயாராகத் தொங்கட்டும்.