அப்பாவின் ஐ.என்.ஆர் ஏன் ஏறவில்லை: என் அனுபவம்

அப்பாவுக்கு இதயத்துடிப்பு ஒழுங்கில்லாததால் ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறார். ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர் அளவு 2-லிருந்து 3-க்குள் இருக்கணும். திடீரென்று 1.4-க்கு இறங்கியது. டாக்டர் டோஸைக் கூட்டினார், அசையவில்லை.

முதல் சந்தேகம் கீரை மேல். எங்கள் கிருஷ்ணகிரி பக்கம் களிக்குக் கீரைக் கடைசல் இல்லாமல் சரிப்படாது, அதில் ரத்தம் உறைய உதவும், வார்ஃபரினுக்கு எதிராக வேலை செய்யும் வைட்டமின் கே அதிகம். நிறுத்திப் பார்த்தோம், பலனில்லை. அடுத்தது லேப் மேல் சந்தேகம், தருமபுரியில் வேறு லேபில் கொடுத்தும் அதே அளவுதான்.

கடைசியில் டாக்டர், "மருந்துச் சீட்டு வேண்டாம், அவர் வாயில் போடுவது எல்லாத்தையும் எடுத்துட்டு வாங்க" என்றார். மாத்திரை டப்பாவில் புதிதாக எதுவும் இல்லை, ஆனால் சமையலறையில் ராகி மாவு டப்பா பக்கத்தில் ஓசூர் மாமா வாங்கிக் கொடுத்த பாட்டில் ஒன்று இருந்தது. சத்து மாத்திரைதானே என்று யாரும் அதைக் கணக்கில் சேர்க்கவே இல்லை. முன்பக்கம் இதயப் படமும் 'எனர்ஜி'யும்தான், பின்னால் பொடி எழுத்தில் யூபிக்வினோல், அதாவது கோஎன்சைம் க்யூ10. இதன் வேதியமைப்பு வைட்டமின் கே மாதிரியே இருப்பதால் சிலருக்கு வார்ஃபரினின் வேலையைக் குறைக்குமாம்.

அதை நிறுத்தச் சொல்லி, அடிக்கடி ரத்தம் பார்த்து வார்ஃபரினையும் படிப்படியாகக் குறைத்தார். இப்போது 2.3, அப்பாடா! இந்த மாதிரி சத்து மாத்திரையை டாக்டரைக் கேட்காமல் நீங்களாகச் சட்டென்று நிறுத்திவிடாதீர்கள், கூட்டிய வார்ஃபரின் டோஸ் அப்படியே இருந்தால் ரத்தக்கசிவு வரலாம்.