பேன் மருந்து: எதை வாங்குவது, எப்படிப் போடுவது

பாமசிக்குப் போய் “பேனுக்கு ஏதாவது தாங்கோ” என்று கேட்பதற்கு முன்னம், பிள்ளையின் தலையில் உயிரோடு பேன் இருக்கிறதா என்று பாருங்கள். ஈர் மட்டும் தெரிகிறதென்றால் அது குஞ்சு பொரித்துப் போன வெறும் கோதாகவும் இருக்கலாம். கோதுக்கு மருந்து போட்டு என்ன பயன்?

பார்ப்பது

காய்ந்த தலையில் பேன் தேடுவது வீண்வேலை. அது ஓடி ஒளிந்துவிடும். தலையை நனைத்து, மலிவான கொண்டிஷனர் ஏதாவது நிறையத் தடவினால் பேனின் ஓட்டம் அடங்கும். பிறகு சாதாரணச் சீப்பால் சிக்கெடுத்துவிட்டு, பேன் சீப்பை மண்டைத் தோலில் படும்படி வைத்து நுனிவரை இழுங்கள். ஒவ்வொரு இழுப்புக்கும் சீப்பை வெள்ளை டிசுவில் துடையுங்கள். காதுக்குப் பின்னாலும் பிடரியிலும் இரண்டு தரம் வாருங்கள், பேனுக்குப் பிடித்த இடம் அதுதான்.

டிசுவில் எள்ளளவில் ஒன்று காலசைத்தால் பேன். பொடுகு என்றால் விரலால் தட்டியவுடன் விழும். ஈர் முடியின் ஒரு பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும், நகத்தால் உருவினால்தான் வரும்.

சீப்பு விஷயத்தில் நான் விட்டுக்கொடுக்கமாட்டேன்: நீளப் பல் உள்ள இரும்புச் சீப்புத்தான். மருந்துப் பெட்டிக்குள் சும்மா வரும் பிளாஸ்டிக் சீப்பின் பல் அடர்ந்த முடியில் வளையும், அந்த இடைவெளியால் ஈர் தப்பிவிடும்.

எந்த மருந்து

பொதுவாக முதலில் கையிலெடுப்பது பெர்மெத்ரின் 1% லோஷன். பேனின் நரம்பைத் தாக்கும் மருந்து. பல நாடுகளில் பேன் இதற்குப் பழகிப்போய்விட்டது, அதனால் சில தலைகளில் வேலை செய்யாது. டைமெதிகோன் என்பது ஒருவகை சிலிகோன் எண்ணெய். அது பேனைப் பூசி மூடியே கொல்வதால் பேன் பழகிப்போகும் என்ற பயம் குறைவு. இரண்டும் கிடைத்தால் நான் டைமெதிகோனைத்தான் எடுப்பேன். ஆனால் அது தலையில் இருக்கும்போது சாமி விளக்கு, காஸ் அடுப்பு, சிகரெட் எதுவும் பக்கத்தில் வேண்டாம், தீப்பற்றும்.

மூன்றாவது வழி மருந்தே இல்லாமல், மேலே சொன்ன கொண்டிஷனரும் சீப்பும். 1, 5, 9, 13 ஆம் நாட்களில் தலை முழுக்க வாரவேண்டும். கைக்குழந்தைக்கும் கர்ப்பிணிக்கும் இதுதான் நல்லது. மருந்துதான் வேண்டுமென்றால் டொக்டரிடம் கேட்டுப் போடுங்கள்.

மண்ணெண்ணெய் கிட்டவும் வரக்கூடாது. அன்னமுன்னா விதையை அரைத்துப் பூசும் அம்மம்மா வைத்தியத்தையும் விடுங்கள், அந்தச் சாறு கண்ணில் பட்டால் கருவிழி புண்ணாகிவிடும்.

போடுவது: இங்கேதான் சறுக்கும்

பெர்மெத்ரின் பலனில்லை என்று அலுத்துக்கொள்ளும் வீடுகளில் முதலில் கேட்கவேண்டியது, அன்றைக்குத் தலைக்கு எண்ணெய் வைத்திருந்ததா என்றுதான். நம் பிள்ளைகள் தேங்காயெண்ணெய் வைத்து இரட்டைப் பின்னல் போட்டு ரிபன் கட்டிப் போகிறவர்கள். அந்த எண்ணெய்ப் படலத்துக்கு மேலே லோஷன் போட்டால் மருந்து முடியில் சரியாகப் பிடிக்காது. கொண்டிஷனரும் அப்படியே. அதனால் பேன் பார்க்கத் தடவிய கொண்டிஷனரைச் சுத்தமாகக் கழுவி எடுங்கள்.

சாதாரண ஷாம்பு போட்டு அலசுங்கள், கொண்டிஷனர் கலந்த ஷாம்பு கூடாது. துவாயால் நன்றாக ஒற்றி எடுங்கள். தண்ணீர் சொட்டச் சொட்டப் போட்டால் லோஷன் நீர்த்துப்போகும். கண்ணைத் துணியால் மூடச் சொல்லி, மண்டைத் தோலிலிருந்து நுனிவரை, காதோரமும் பிடரியும் விடாமல் பூசுங்கள். 10 நிமிடத்தில் பேசினில் குனியவைத்துக் கழுவுங்கள். கூடுதல் நேரம் வைத்தால் கூடுதல் பலன் என்றில்லை. அடுத்த ஓரிரு நாளுக்குத் தலைமுழுக்கு வேண்டாம்.

டைமெதிகோன் என்றால் காய்ந்த முடியில் போடவேண்டும். எவ்வளவு நேரம் என்பது தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறும். 4% லோஷன் பொதுவாக 8 மணித்தியாலம், அதாவது ஒரு இரவு.

8 முதல் 12 மணித்தியாலம் கழித்துச் சீப்பால் பாருங்கள். பேன் சோர்ந்துபோய் மெல்ல அசைந்தால் மருந்து வேலை செய்கிறது, மறுபடி போடாதீர்கள். பழையபடி சுறுசுறுப்பாக ஓடினால் அதே போத்தலை இன்னொரு தரம் கவிழ்க்காமல் மருந்தை மாற்றுங்கள்.

இரண்டாம் தரம்

பெர்மெத்ரின் முட்டையைக் கொல்லாது. முட்டை பொரிக்க ஏறக்குறைய 7 முதல் 10 நாள், பொரித்த குஞ்சு வளர்ந்து முட்டையிட மேலும் 9 நாளுக்குக் குறையாது. அந்த இடைவெளிக்குள் இரண்டாம் தரம் போட்டால்தான் கதை முடியும். முதல் தரம் போட்டு 9 நாள் கழித்து என்பது நல்ல கணக்கு. சனிக்கிழமை தொடங்கினால் அடுத்தது மறுவாரத் திங்கள். பள்ளிக்கூட நாளில் முடியாதென்றால் முதல்நாள் ஞாயிறே போடலாம். அரிப்பு நின்றுவிட்டது என்று இதை விடுகிற வீட்டில்தான் அடுத்த மாதமும் பேன்.

வீட்டில் எல்லாருடைய தலையையும் ஒரே நாளில் பாருங்கள், உயிர்ப்பேன் உள்ள தலைக்கு மட்டும் மருந்து. தலையணை உறை, துவாயைச் சூடான நீரில் தோய்த்தால் போதும். தலையை விட்டு விழுந்த பேன் ஓரிரு நாளுக்குமேல் தாங்காது, மெத்தைக்கு ஸ்பிரே அடிக்கத் தேவையில்லை.

பின்சேர்த்தது: பாமசியில் பேனுக்குப் பெர்மெத்ரின் கேட்ட ஒருவருக்கு 5% கிரீம் கிடைத்திருக்கிறது. அது சொறிக்கு உடம்பில் பூசுவது. பெயரை மட்டும் பார்க்காமல், லேபலில் 1% என்று இருக்கிறதா, தலைக்கு என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

இன்னொன்று: சொறிந்து சொறிந்து தலையில் சீழ்ப்புண் வந்தால், அல்லது பிடரியில் நெறி கட்டினால், பேன் மருந்தை ஒத்திவைத்து முதலில் டொக்டரிடம் காட்டுங்கள். புண்ணில் லோஷன் பட்டால் எரியும், பிள்ளை அடுத்த தரம் தலையைத் தரவே மாட்டாள்.