முதல் ஒரு நிமிடம்: கிணற்றிலும் மலைத் தண்ணீரிலும் குளிர் அதிர்ச்சியைத் தாண்டுவது எப்படி

மார்கழி விடியலில் முதல் செம்புத் தண்ணீர் முதுகில் விழுந்ததும் வாய் தானாகத் திறந்து 'ஹா' என்று மூச்சை உள்ளே இழுக்கிறதே, அதுதான் குளிர் அதிர்ச்சி. குளியலறையில் தலை தண்ணீருக்கு வெளியே இருப்பதால் ஒன்றும் ஆவதில்லை. கிணற்றில் குதித்துத் தலை முங்கியிருக்கும் நொடியில் அதே 'ஹா' வந்தால் உள்ளே போவது தண்ணீர். "நன்றாக நீச்சல் தெரிந்த பையன், கரைக்குப் பக்கத்திலேயே எப்படிப் போனான்?" என்று ஊர் திகைத்து நிற்கும் மரணங்களில் பலவற்றுக்கு இந்த ஒரு மூச்சு காரணமாக இருக்க முடியும். நீச்சல் திறமையால் இதைத் தடுக்க முடியாது. இறங்கும் முறையால் தடுக்கலாம்.

உடம்பில் என்ன நடக்கிறது

தோல் திடீரெனக் குளிர்ந்ததும் நம் அனுமதியைக் கேட்காமல் ஒரு பெரிய மூச்சு உள்ளே இழுக்கப்படும். இரண்டு மூன்று லிட்டர் வரை போகலாம். அடுத்து மூச்சு வாங்கத் தொடங்கும், நிறுத்த நினைத்தாலும் நிற்காது. தோலில் உள்ள ரத்தக் குழாய்கள் சுருங்கும், இதயம் படபடக்கும், ரத்த அழுத்தம் ஏறும். முதல் 30 நொடியில் இது உச்சத்தைத் தொட்டு, ஒன்று முதல் மூன்று நிமிடத்துக்குள் அடங்கிவிடும். அடங்கும் என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே சொல்லும் எல்லாமே அந்த ஒரு உண்மையை நம்பித்தான்.

கரையில் ஒரு நிமிடம் மூச்சை அடக்குபவரால் நல்ல குளிர்ந்த நீரில் பத்து நொடிகூட அடக்க முடியாமல் போகலாம். முங்கு நீச்சல் போடுகிறவர்களின் கணக்கு தப்புவது இங்கேதான். இதில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. முகம் தண்ணீரில் முங்கினால் இதயத்தை மெதுவாக்கும் கட்டளை போகும், தோல் குளிர்ந்தால் வேகமாக்கும் கட்டளை போகும். தலைகீழாகப் பாயும்போது இரண்டும் ஒரே நேரத்தில் வருவதால் இதயத் துடிப்பு தாறுமாறாகலாம். ரத்தக் கொதிப்பு, இதய நோய், அடிக்கடி மயக்கம், வலிப்பு, ஆஸ்துமா உள்ளவர்கள் குளிர்ந்த நீரில் இறங்கும் முன் மருத்துவரைக் கேட்பது கட்டாயம். மது குடித்தவர் இறங்கவே கூடாது.

நம் ஊரில் ஏது அவ்வளவு குளிர்?

10 முதல் 15 டிகிரி நீரில்தான் இந்த அதிர்ச்சி மிகக் கடுமையாக இருக்கும். ஆனால் தொடங்குவது 25 டிகிரிக்குக் கீழேயே. சேலத்துக் கிணறு 10 டிகிரிக்குப் போகாது என்பது சரிதான். ஆனால் சித்திரை வெயிலில் 40 டிகிரியில் காய்ந்த தோல் எவ்வளவு வேகமாகக் குளிர்கிறது என்பதுதான் கணக்கு. இறவைக் கிணற்றில் வெயில் சுட்ட தண்ணீர் மேலே சில அடிதான். காலைக் கீழே நீட்டினாலே சில்லென்று இன்னொரு தண்ணீர் தட்டுப்படும். படியில் இறங்குபவர் மேல் தண்ணீரில் நிற்பார். திட்டிலிருந்து குதிப்பவர் நேராகக் கீழ்த் தண்ணீருக்குப் போய்விடுவார்.

ஏற்காட்டில் நிலைமை வேறு. சேலம் கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 280 மீட்டர், ஏற்காடு சுமார் 1500 மீட்டர். ஆயிரம் மீட்டர் ஏறினால் காற்று ஆறு டிகிரிக்குமேல் குளிரும் என்பதால் இரண்டுக்கும் ஏழெட்டு டிகிரி இடைவெளி. கார்த்திகை முதல் தை வரை சேர்வராயன் மலை ஓடைகளில் காலை நேரத் தண்ணீர் எலும்பைத் தொடும். ஏற்காட்டு ஏரி நிரம்பி வழிந்து கிளியூர் அருவியாக விழுகிறது. அருவியில் தலையை நேராகக் கொடுப்பதும் ஒரு வகையில் குதிப்பதுதான், முதல் அடி முகத்திலும் நெஞ்சிலும் ஒன்றாக விழுகிறது. அங்கே குளிக்கத் தடை போட்டிருக்கும் நாளில் இறங்காதீர்கள். மலையில் மேலே மழை பெய்தால் கீழே வெள்ளம் சொல்லாமல் வரும்.

மேட்டூரில் ஆடிப்பெருக்குக்குக் காவிரியில் முழுக்குப் போடுபவர்கள் கவனிக்க வேண்டியது இன்னொன்று. 120 அடி வரை நீர் தேங்கும் அணையில் அடியாழத்துத் தண்ணீர் வெயிலைப் பார்த்ததில்லை. மதகு வழியாக அந்தத் தண்ணீர் வரும் நாளில் கரையோரமே எதிர்பார்த்ததைவிடக் குளிர்ந்திருக்கலாம், இழுப்பும் கூடுதல். அனுமதித்த படித்துறையை விட்டு வேறெங்கும் இறங்க வேண்டாம்.

அளந்து பாருங்கள்

கையை விட்டுப் பார்த்துத் தண்ணீரின் குளிரைச் சொல்ல முடியாது, வெயிலில் நின்ற கை ஏமாற்றும். மீன்தொட்டிக் கடையில் கிடைக்கும் கண்ணாடி வெப்பமானி போதும். அரை லிட்டர் பாட்டிலில் பாதிக்கு மணல் போட்டு, வெப்பமானியை உள்ளே நிறுத்தி, மூடியைத் திறந்தபடியே கழுத்தில் கயிறு கட்டி இறக்குங்கள். கயிற்றில் மூன்றடியிலும் பத்தடியிலும் முடிச்சு போட்டுக்கொள்ளுங்கள். ஒவ்வொரு ஆழத்திலும் ஐந்து நிமிடம் வைத்து, சட்டென்று தூக்கிப் பாட்டிலுக்குள்ளேயே பாருங்கள். வெளியே எடுத்துப் பார்த்தால் காற்றின் சூடு கலந்துவிடும். மேலே 27, கீழே 23 என்று வந்தால் அந்தக் கிணற்றில் குதிப்பதை விட்டுவிடுங்கள். 20-க்குக் கீழே என்றால் பழக்கமில்லாதவர் முதல் நாள் ஐந்து நிமிடத்துக்குமேல் இருக்க வேண்டாம்.

இறங்கும் முறை

வெயிலில் வேலை செய்துவிட்டோ ஓடி விளையாடிவிட்டோ வந்தால் முதலில் பத்து நிமிடம் நிழலில் உட்காருங்கள். கிணறு என்றால் மோட்டார் மெயின் சுவிட்ச் அணைந்திருக்கிறதா என்று பாருங்கள், மின்கசிவுக்கு எந்த நீச்சலும் உதவாது. வேட்டி, துண்டு, சேலை போன்ற காலில் சுற்றும் துணி வேண்டாம். ஏறி வர வழி எது என்று இறங்கும் முன்பே கண்ணால் பார்த்துவிடுங்கள். கரையில் ஒருவர் இருக்க வேண்டும். அவர் கையில் இருக்க வேண்டியது போன் அல்ல, கயிறு.

பிறகு பெரியவர்கள் குளிக்கும் வரிசை. முதலில் பாதம், அடுத்து முழங்கால், இடுப்பு. இடுப்பளவில் நின்றுகொண்டு கையால் அள்ளித் தோள், பிடரி, நெஞ்சு, கடைசியாக முகம் என்று நனையுங்கள். நெஞ்சில் படும்போதுதான் அந்த 'ஹா' வரும், வரட்டும். வாயைக் குவித்து, சூடான டீயை ஊதுவது போல நீளமாக வெளியே ஊதுங்கள். உள்ளிழுப்பதைப் பற்றிக் கவலைப்படாதீர்கள், அதை உடம்பே பார்த்துக்கொள்ளும். ஊதுவதை மட்டும் பிடித்துக்கொண்டால் மூச்சு வழிக்கு வரும். ஒரு முழு வாக்கியத்தை நடுவில் மூச்சு வாங்காமல் கரையில் இருப்பவரிடம் சொல்ல முடிகிறதா? முடிந்தால் கழுத்தளவு போகலாம். அதன் பிறகும் முதல் இரண்டு நிமிடம் கால் தரையில் அல்லது கை படியில். நீச்சல் அதற்குப் பிறகுதான்.

முங்குவதற்கு முன் வேகவேகமாகப் பத்து இருபது மூச்சு இழுத்துவிடும் பழக்கம் சில பையன்களிடம் இருக்கிறது. 'மூச்சு வேண்டும்' என்று உடம்பு எழுப்பும் எச்சரிக்கையை அது அணைத்துவிடும். தண்ணீருக்கடியிலேயே நினைவு தப்பும். இதைக் கண்டால் அங்கேயே தடுத்து நிறுத்துங்கள்.

உடம்பைப் பழக்கவும் முடியும். சில நிமிடம் வீதம் ஐந்தாறு முறை குளிர்ந்த நீரில் மெல்ல இறங்கி ஏறினாலே அதிர்ச்சி ஏறக்குறைய பாதியாகக் குறைகிறது. கார்த்திகையில் மாலை போட்டவர்களுக்கு முதல் நாள் விடியற்காலைக் குளியலில் இருந்த மூச்சிரைப்பு ஒரு வாரத்தில் காணாமல் போவது இதனால்தான். பழகினால் குறையும், ஆனால் முழுதாகப் போகாது.

தவறி விழுந்துவிட்டால்

கால் வழுக்கி விழுந்தாலும் படகு கவிழ்ந்தாலும் முதல் வேலை நீந்துவதல்ல. மல்லாந்து மிதந்திருங்கள். தலையைப் பின்னால் சாய்த்துக் காது இரண்டும் தண்ணீருக்குள் போகட்டும், மூக்கும் வாயும் வானத்தைப் பார்க்கட்டும். கைகளைப் பக்கவாட்டில் விரித்து மெல்ல அலையவிடுங்கள். கால் கீழே தொங்கினால் தொங்கட்டும். உடுப்பைக் கழற்றப் போராட வேண்டாம், அதற்குள் சிக்கிய காற்று சிறிது நேரம் உங்களைத் தாங்கும். கத்துவதையும் கரை நோக்கிக் கை அடிப்பதையும் மூச்சு அடங்கும் வரை தள்ளிப்போடுங்கள். ஒன்று முதல் மூன்று நிமிடம் ஆகலாம்.

ஏற்காட்டில் படகில் ஏறும்போது கொடுக்கும் உயிர்காப்பு அங்கியைச் சட்டைபோலத் திறந்துவிட்டுக்கொண்டு படம் எடுப்பவர்கள் அதிகம். கொக்கிகள் எல்லாம் மாட்டியிருக்க வேண்டும். தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்கினால் காதைத் தாண்டக் கூடாது. தாண்டினால் தண்ணீரில் அங்கி மேலே போகும், ஆள் கீழே போவார்.

மூச்சு அடங்கியபின் தாமதிக்காமல் வெளியேறுங்கள். குளிரில் அடுத்துப் போவது விரல்களின் பிடி. கிணற்றில் துருத்திக்கொண்டிருக்கும் கல்படியைப் பிடித்து ஏற விரல்தான் வேண்டும். கட்டைவிரலால் சுண்டுவிரலைத் தொட முடியவில்லை என்றால் ஏற்கெனவே தாமதமாகிவிட்டது. உடனே கயிறு கேளுங்கள்.

கரையிலிருந்து உதவுவது

பின்னால் குதிக்காதீர்கள். அதே அதிர்ச்சி உங்களுக்கும் வரும், இரண்டு பேராகப் போவீர்கள். மூடியை இறுக்கிய காலி எண்ணெய் கேன், 20 லிட்டர் தண்ணீர் கேன், காற்றடித்த ட்யூப் எதையாவது கயிற்றில் கட்டி எறியுங்கள். ஐந்து லிட்டர் கேன்கூட ஒரு தலையைத் தண்ணீருக்கு மேலே வைத்திருக்கும். கயிற்றின் மறு முனை மரத்திலோ கல்தூணிலோ இருக்கட்டும், பம்ப் குழாயில் கட்டாதீர்கள். உடனே 101 அல்லது 112-க்குத் தீயணைப்பு மீட்பையும், 108-க்கு ஆம்புலன்ஸையும் கூப்பிடுங்கள்.

வெளியே எடுத்தவருக்கு மூச்சில்லை என்றால் வயிற்றை அமுக்குவது, தலைகீழாகத் தூக்கிச் சுற்றுவது இரண்டும் வேண்டாம். நேரம்தான் வீணாகும், வயிற்றிலிருந்து வந்தது நுரையீரலுக்குள் போகும். மல்லாத்திப் படுக்கவைத்து, மோவாயைத் தூக்கி, மூக்கைப் பிடித்து முதலில் ஐந்து முறை வாயோடு வாய் வைத்து ஊதுங்கள். பிறகு நெஞ்சின் நடுவில் இரண்டு அங்குலம் இறங்கும்படி, நிமிடத்துக்கு 100 முதல் 120 வேகத்தில் 30 அழுத்தம், இரண்டு ஊதல். ஆம்புலன்ஸ் வரும் வரை நிறுத்தாதீர்கள். எழுந்து உட்கார்ந்து பேசினாலும், தண்ணீர் குடித்தவரை மருத்துவமனைக்குக் கொண்டுபோய்க் காட்டியே ஆக வேண்டும். நுரையீரலில் போன தண்ணீர் சில மணி நேரம் கழித்தும் மூச்சைத் திணறடிக்கும்.

ஏறிய பிறகு

ஈரத் துணியைக் கழற்றி, துடைத்து, தலையைப் போர்த்திக்கொள்ளுங்கள். சர்க்கரை போட்ட சூடான டீ நல்லது. கொதிக்கும் வெந்நீரை ஊற்றுவதும், கை காலைச் சூடு பறக்கத் தேய்ப்பதும் கூடாது. வெளியே வந்த பின்னும் பத்து முதல் முப்பது நிமிடம் வரை உள்ளுடம்பு குளிர்ந்துகொண்டேதான் இருக்கும், நடுக்கம் அப்போதுதான் கூடும். பேச்சு குழறினாலோ, நடை தள்ளாடினாலோ, உடம்பு சூடேறாமலே நடுக்கம் மட்டும் நின்றுவிட்டாலோ அது 108-க்கு உரிய விஷயம்.

ஏற்காட்டில் குளித்துவிட்டு ஈரத்தோடு பைக்கில் இறங்குபவர்களுக்கு: சேலம் சாலையில் 20 கொண்டை ஊசி வளைவு, எதிர்க்காற்று, விறைத்த விரலில் பிரேக். காய்ந்த சட்டை மாற்றி, நடுக்கம் முழுதாக நின்று, சட்டைப் பொத்தானைத் தடுமாறாமல் போட முடிகிறது என்று ஆன பிறகு வண்டியை எடுங்கள்.