காலையில் பைத்தான், மதியம் ஜாவாஸ்கிரிப்ட்: தடுமாறாமல் மாறுவது எப்படி

எங்கள் வீட்டில் சௌராஷ்டிரம், தெருவில் இறங்கினால் தமிழ், ஆபீஸ் மீட்டிங்கில் இங்கிலீஷ். தெப்பக்குளம் பக்கம் வளர்ந்த எங்கள் ஆட்களுக்கு இது சின்ன வயதிலிருந்தே பழக்கம் என்பதால், இரண்டு புரோகிராமிங் மொழிகளில் மாறி மாறி வேலை பார்ப்பதெல்லாம் ஒரு விஷயமா என்றுதான் நினைத்திருந்தேன். ஒரு ஜவுளிக் கடையின் பாக்கிக் கணக்கு அந்த நினைப்பைக் கெடுத்தது.

காலை முழுக்க பைத்தானில் இருந்துவிட்டு, மதியம் ஜாவாஸ்கிரிப்டில் உட்கார்ந்து, பட்டியல் இருந்தால் தலைப்பைக் காட்டு என்று ஒரு இஃப் எழுதினேன். பைத்தானில் காலிப் பட்டியல் பொய்க் கணக்கில் சேரும், இஃப் ஓடாது, தலைப்பும் வராது. ஜாவாஸ்கிரிப்டில் காலியாக இருந்தாலும் அது மெய்தான், தலைப்பு வந்துவிடும். இரண்டு நாள் கழித்து கடைக்காரர் போன்: "என்ன தம்பி, பாக்கி வச்சிருக்கவங்கன்னு தலைப்பு போட்டிருக்கு, கீழ ஒரு பேரையும் காணோம்?" விதி தெரியாமல் இல்லை, இன்டர்வியூவில் கேட்டிருந்தால் டக்கென்று சொல்லியிருப்பேன். கை மட்டும் இன்னும் காலையிலேயே இருந்தது.

அதனால் முதலில், எந்தத் தப்புக்குப் பயப்பட வேண்டும் என்று பிரித்துக்கொள்ளுங்கள். ஜாவாவில் செமிகோலன் விட்டுப்போனது, ஜாவாஸ்கிரிப்டில் எல்ஸ் இஃப் போட வேண்டிய இடத்தில் எலிஃப் போட்டது, இதெல்லாம் எடிட்டரே சிவப்புக் கோடு போட்டுக் காட்டிக்கொடுத்துவிடும், விடுங்கள். பார்க்க ஒரே மாதிரி இருந்து, சத்தமில்லாமல் ஓடி, வேறு விடையைத் தருகிறதே, அதுதான் ஆபத்து. பட்டியலில் எத்தனையாவது உறுப்பு வேண்டும் என்று சொல்லும் இண்டெக்ஸில் மைனஸ் 1 கொடுத்தால் பைத்தான் கடைசி உறுப்பைத் தரும். ஆர் மொழியோ முதல் உறுப்பைத் தூக்கிவிட்டு மீதியை எல்லாம் தரும். மைனஸ் 7-ஐ 2-ஆல் முழு எண்ணாக வகுத்தால் பைத்தானில் மைனஸ் 4, ஜாவாவில் மைனஸ் 3. 10, 9, 1 என்ற எண்களை ஜாவாஸ்கிரிப்டில் வேறெதுவும் சொல்லாமல் சார்ட் செய்தால், அதாவது வரிசைப்படுத்தினால், 1, 10, 9 என்று வரும், ஏனென்றால் அது எண்களை எழுத்துகளாக மாற்றித்தான் ஒப்பிடும். ஜாவாவில் இரண்டு ஸ்டிரிங்கை (எழுத்துத் தொடரை) இரட்டைச் சமக்குறி போட்டு ஒப்பிட்டால் எழுத்துகளையே பார்க்காது, இரண்டும் மெமரியில் ஒரே பொருளா என்று மட்டும் பார்க்கும். சில நேரம் தற்செயலாகச் சரியான விடையும் வந்து தொலைக்கும், அதுதான் கொடுமை.

இவற்றுக்கு ஒரு சீட்டு எழுதி மானிட்டர் ஓரத்தில் ஒட்டுங்கள். நெட்டில் கிடைக்கும் நீள வித்தியாசப் பட்டியலைப் பிரிண்ட் எடுக்காதீர்கள், ஒருவரும் படிப்பதில்லை. நீங்கள் விழுந்த இடம் மட்டும், விழுந்த அன்றே, ஒரு வரியில்.

பேச்சு மொழி மாறுவது போலத்தான் இதுவும் என்பது என் பழைய கணக்கு. 2020-இல் வெளிவந்த அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழக ஆய்வு ஒன்றில், ஸ்கேன் கருவிக்குள் ஆட்களைப் படுக்கவைத்து, சிலருக்குப் பைத்தானும் சிலருக்குச் சின்னப் பிள்ளைகளுக்கான பட மொழியான ஸ்கிராட்ச் ஜூனியரும் படிக்கக் கொடுத்துப் பார்த்தார்கள். முக்கியமாக வேலை செய்தது மூளையின் மொழிப் பகுதி இல்லை. கணக்கு, புதிர், பல விஷயங்களை ஒரே நேரத்தில் மனதில் பிடித்து வைப்பது என்று எந்தக் கடினமான வேலைக்கும் கிளம்பி வருகிற பொதுவான வலைப்பின்னல்தான். அம்மாவிடம் ஒரு மொழி, கடையில் ஒரு மொழி என்று பழகிய சாமர்த்தியத்தை இங்கே நம்ப வேண்டாம் என்று அப்போதுதான் முடிவு செய்தேன். (அந்தச் சாமர்த்தியமும் அவ்வளவு இல்லை. சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்ததும் முதல் வாக்கியம் எனக்குத் தமிழில்தான் வரும்.)

எனக்கு உதவியது வேறு ஒரு பழைய சோதனை. ரோஜர்ஸ், மான்செல் என்ற இருவர் 1995-இல் வெளியிட்டது. ஒரு எழுத்தும் ஒரு எண்ணும் சேர்த்துக் காட்டி, சில முறை எண் ஒற்றையா இரட்டையா என்று கேட்பது, சில முறை எழுத்து உயிரா மெய்யா என்று கேட்பது. வேலை மாறும்போது தாமதம் வருகிறது, சரி. முன்கூட்டியே அவகாசம் கொடுத்தால் குறைகிறது, அதுவும் சரி. ஆனால் எவ்வளவு அவகாசம் கொடுத்தாலும் கொஞ்சம் மிச்சம் நிற்கிறது. அந்த மிச்சமும் மாறியவுடன் வரும் முதல் கேள்வியில்தான், அதைத் தாண்டிவிட்டால் சரியாகிவிடுகிறது. நொடிக்கும் குறைவான தாமதங்கள்தான். ஆனாலும் சும்மா கண்ணை மூடி உட்கார்ந்து தயாராவதைவிட, அந்த முதல் கேள்வியை வேலைக்கு வெளியே தீர்த்துவிடலாம் என்று எனக்குத் தோன்றியது.

ஆகவே மதியம் ஜாவாஸ்கிரிப்டைத் திறந்ததும் கடைக்காரரின் ஃபைலைத் தொடாதீர்கள். ஒரு காலி ஃபைலில் ஐந்தாறு வரி எழுதுங்கள்: ஒரு பட்டியல், ஒரு லூப், ஒரு சார்ட், காலியா என்று பார்க்கும் ஒரு இஃப். சீட்டில் இருக்கும் வரிகளையே பயிற்சியாக வைத்துக்கொள்ளலாம். ஓடவிட்டுப் பார்த்து அழித்துவிடுங்கள். ஐந்து நிமிடம்கூட ஆகாது.

பழைய மொழியை விட்டு எழும்போதும் ஒரு வேலை இருக்கிறது. பாதியில் விட்ட வேலை, அடுத்த வேலைக்குள்ளும் தலையில் ஓடிக்கொண்டிருக்கும். சோஃபி லெராய் என்ற ஆய்வாளர் 2009-இல் எழுதிய கட்டுரை இதைப் பற்றியதுதான். எங்கே நிறுத்தினேன், அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று இரண்டு வரி எழுதிவிட்டு எழுந்திருங்கள். புரோகிராம் மாதிரி வேண்டாம், 'தேதி பார்ஸ் ஆகிறது, ஜிஎஸ்டி இன்னும் சேர்க்கவில்லை' என்று நம் தமிழில் எழுதினாலே போதும். அப்புறம் பருத்திப்பாலோ டீயோ குடித்துவிட்டு வாருங்கள்.

எடிட்டர் நிறத்தையும் மாற்றிப் பாருங்கள். எனக்குப் பைத்தான் கறுப்புப் பின்னணி, ஜாவாஸ்கிரிப்ட் வெள்ளை. அற்ப விஷயம்தான், ஆனாலும் கை நின்று யோசிக்கிறது.

காலை மதியம் என்று பிரிக்க முடியாத நாளும் வரும்: சர்வர் படுத்துவிட்டது, போனில் ஆள் காத்திருக்கிறார், காலி ஃபைலுக்கெல்லாம் நேரமில்லை. அப்போது கீபோர்டில் கை வைப்பதற்கு முன், திருத்த வேண்டிய இடத்துக்கு மேலே இருக்கும் பத்து வரியை வாய்விட்டுப் படியுங்கள். பக்கத்து சீட்டுக்காரர் ஒரு மாதிரிப் பார்ப்பார்.