மல்பெரி காய்க்க வேண்டுமா? கத்தரிக்கோலை எடுங்கள்

மல்பெரி வளர்க்கும் நண்பர்கள் என்னிடம் சொல்லும் குறை பெரும்பாலும் ஒன்றுதான்: "செடி தளதளன்னு இருக்கு, பழம்தான் வரல." இதற்கு இரண்டு காரணங்களைச் சொல்வேன். தவறான மரத்திலிருந்து குச்சி எடுத்திருப்பார்கள். இல்லையென்றால், ஆசையாய் வளர்த்த செடியை வெட்ட மனம் வந்திருக்காது.

முதலில் குச்சி. மல்பெரியில் ஆண் பூவும் பெண் பூவும் தனித்தனி. பல மரங்களில் இரண்டில் ஒன்றுதான் இருக்கும். ஆண் பூ மட்டும் பூக்கும் மரத்திலிருந்து குச்சி எடுத்து நட்டுவிட்டுப் பழத்துக்குக் காத்திருப்பதில் பயனில்லை. பட்டுப்புழு வளர்ப்புக்கான ரகங்களோ இலைக்காகவே தேர்ந்தெடுத்தவை. ஆகவே, பழம் தொங்குவதை நீங்களே பார்த்த மரத்தில்தான் குச்சி வெட்ட வேண்டும். விதை போட்டு வளர்க்கச் சொல்லவே மாட்டேன். ஆணா பெண்ணா என்று தெரியவே வருடக்கணக்காகும்.

இளம் பச்சைத் தண்டு அழுகிவிடும். 6 முதல் 8 மாதம் ஆகி, பட்டை பழுப்பேறிய கிளைதான் சரி. பென்சில் தடிமனோ அதைவிடச் சற்றுக் கூடவோ இருக்கலாம். 15 முதல் 20 செ.மீ. நீளத்தில், 3 அல்லது 4 மொட்டுகள் இருக்கும்படி நறுக்குங்கள். அடிப்பக்கம் சாய்வாகவும் மேல்பக்கம் நேராகவும் வெட்டினால் எது தலை, எது கால் என்று குழப்பம் வராது. வெட்டிய இடத்தில் பால் வடியும். அத்தி, பலாவின் குடும்பம் அல்லவா! துடைத்துவிட்டு, இலைகளைக் கிள்ளிவிட்டு, ஒரு மொட்டு மட்டும் வெளியே தெரியும்படி மணல் கலந்த மண்ணில் ஊன்றி நிழலில் வையுங்கள். மண் ஈரமாக இருந்தால் போதும், சேறாகக் கூடாது.

இனிமேல்தான் பொறுமை வேண்டும். சில நாட்களிலேயே தளிர் எட்டிப் பார்க்கும். அதை நம்பிச் செடியை இடம் மாற்றாதீர்கள். குச்சிக்குள் சேர்த்து வைத்திருந்த சத்தில் வந்த தளிர் அது. வேர் இன்னும் விட்டிருக்காது. பிடுங்கிப் பார்க்கும் ஆசையை அடக்கிக்கொண்டு, 2, 3 மாதம் கழித்துப் பெரிய தொட்டிக்கு மாற்றுங்கள். தொட்டி என்றால் 40 லிட்டராவது கொள்ள வேண்டும். தரையில் வைப்பதாக இருந்தால் சுவரை விட்டு நன்றாகத் தள்ளி வையுங்கள். இதன் வேர் லேசுப்பட்டதல்ல. வெயில் எவ்வளவு கிடைக்கிறதோ அவ்வளவு நல்லது.

அப்புறம் கவாத்து, அதாவது கிளைகளை வெட்டிவிடுவது. மல்பெரிப் பூ புதுத் தளிரோடு சேர்ந்தே, இலைக் காம்பின் இடுக்கில் வரும். பழைய கிளை நீண்டுகொண்டே போனால் இலை பெருகும், பழம் குறையும். செடி ஒரு வயதைத் தாண்டி நன்றாக வேர் பிடித்த பிறகு, ஒரு காய்ப்பு முடிந்ததும் ஒவ்வொரு கிளையிலும் மூன்றில் ஒரு பங்கை வெட்டுங்கள். மிச்சமிருக்கும் இலைகளையும் உருவிவிடுங்கள். மொட்டையாக நிற்பதைப் பார்த்தால் பாவமாகத்தான் இருக்கும், ஆனால் மல்பெரி தாங்கும். பட்டு விவசாயத்தில் இதை வருடத்துக்குப் பலமுறை வெட்டுகிறார்கள். வெட்டியதும் இரண்டு கை மண்புழு உரம் போட்டு நன்றாகத் தண்ணீர் விட்டால், தளிரும் பிஞ்சும் ஒன்றாகக் கிளம்பும். வெப்பமான ஊர்களில் வருடத்துக்கு இரண்டு காய்ப்பு கூட எடுக்கலாம். பனி உறையும் குளிர் நாடுகளில் மட்டும், செடி இலை உதிர்த்துத் தூங்கும் காலத்தில்தான் வெட்ட வேண்டும்.

ஒற்றைச் செடியில் மகரந்தத்துக்கு என்ன செய்வது என்று சிலர் கவலைப்படுவார்கள். பழத்துக்கான பல ரகங்கள் மகரந்தம் சேராமலே காய்க்கும். அதற்காக ஆண் பூவைச் சாதாரணமாக நினைத்துவிடாதீர்கள். வெள்ளை மல்பெரியின் ஆண் பூ, ஒலியின் வேகத்தில் பாதிக்கும் மேலான வேகத்தில் மகரந்தத்தை வீசியடிக்கும்!

நுனி இலைகள் சுருண்டு, தடித்துப் போனால் மாவுப்பூச்சி வந்திருக்கிறது என்று அர்த்தம். அந்த நுனியை வெட்டி அழித்துவிட்டு வேப்ப எண்ணெய்க் கரைசல் தெளியுங்கள். பறவைகளுக்கு வலை கட்டுவது உங்கள் விருப்பம், நான் கட்டுவதில்லை.

சிவப்பில் பறித்தால் புளிக்கும். பறித்த பின் இனிப்பு ஏறாது. கருப்பாகி, விரல் பட்டதும் கழன்று வரும் பழம்தான் பழுத்த பழம். வெள்ளைப் பழ ரகங்களில் நிறத்தை நம்ப முடியாது, அழுத்திப் பார்த்துத்தான் பறிக்க வேண்டும். சாறு துணியில் பட்டால் லேசில் போகாது, பழைய சட்டையோடு போங்கள். கழுவாமல் குளிர்பதனப் பெட்டியில் வைத்தால் 2, 3 நாள் தாங்கும். அதற்கு மேல் வேண்டுமென்றால் காம்போடு அப்படியே உறைய வையுங்கள்.