புது ஸ்க்ராம்ளரில் தோட்டத்து மேடு ஏறுவது எப்படி? கப்சாய் ஓட்டிப் பழகியவர்களுக்கு

மலேசியாவின் பேராக்கில் சுங்கை சிப்புட் டவுனிலிருந்து லிந்தாங், ஜாலோங், லாசா பக்கம் போகப் போக நிலம் மேடேறிக்கொண்டே இருக்கும். முதலில் சமதளத்துச் செம்பனை, அப்புறம் தட்டுத் தட்டாக வெட்டிய மேட்டுத் தோட்டம், அதற்கும் அப்பால் தித்திவாங்சா மலைத்தொடரின் காடு. இந்தச் செம்மண் பாதைகளில் ஏறி இறங்கத்தான் பல இளைஞர்கள் கப்சாயை, அதாவது அன்றாடம் ஓட்டும் சின்ன மோட்டார்சைக்கிளை, வைத்துவிட்டு மண் பாதைக்கான ஸ்க்ராம்ளர் மோட்டார்சைக்கிள் எடுக்கிறார்கள். கவாசாக்கி கேஎல்எக்ஸ்150 போல சின்னதோ, ஹோண்டா சிஆர்எஃப்250எல் போல கொஞ்சம் பெரியதோ, எதுவானாலும் முதல் நாள் தோன்றுவது ஏறக்குறைய ஒன்றுதான்: வண்டி உயரமாக இருக்கிறது, முன்சக்கரம் நம் பேச்சைக் கேட்காமல் இங்கும் அங்கும் அலைகிறது, பிரேக் பிடித்தால் முன்பக்கம் அப்படியே கீழே அமுங்குகிறது. "அண்ணே, வண்டியில் ஏதோ கோளாறு" என்று மறுநாளே கடைக்குத் திரும்பக் கொண்டுபோகிறவர்கள்கூட உண்டு.

கோளாறு ஒன்றும் இல்லை. வண்டியின் அமைப்பே அப்படி. முன்பக்கம் 21 அங்குலச் சக்கரம், பின்னால் 18 அங்குலம், முன்சக்கரத்தைத் தாங்கும் நீளமான ஃபோர்க், மெத்தென்ற ஸ்பிரிங், எல்லாமே பள்ளத்தையும் கல்லையும் வண்டி தானே விழுங்கிக்கொண்டு போவதற்காக வைத்தவை. தார் ரோட்டில் இதெல்லாம் தொந்தரவாகத் தெரியும், செம்மண்ணில் இறங்கிய பிறகுதான் அதன் அருமை புரியும். மாற வேண்டியது நம் கையும் காலும். சின்ன வயதிலிருந்து கப்சாயில் பழகிய பழக்கம் உடம்பில் ஊறிப்போயிருக்கிறது, அதில் பாதி இந்த வண்டியில் ஆபத்து. அதனால் மேட்டை அப்புறம் பார்ப்போம், முதலில் திடலில் கொஞ்ச நேரம் செலவழியுங்கள் என்றுதான் நான் எல்லாருக்கும் சொல்வேன்.

முதல் படி: ஏறுவதற்கு முன்பு

சீட்டு உயரத்தைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். கேஎல்எக்ஸ்150 பிஎஃப் ரகத்தில் சீட்டு ஏறக்குறைய 870 மில்லிமீட்டர், நம்மில் பலருக்கு இரண்டு பாதமும் முழுதாகத் தரையில் படாது. படவும் தேவையில்லை. நிற்கும்போது இடுப்பை ஒரு பக்கம் கொஞ்சம் நகர்த்தி ஒரு காலை மட்டும் நன்றாக ஊன்றினால் போதும். உயரம் குறைக்கிறேன் என்று முதல் வாரத்திலேயே ஸ்பிரிங்கில் கை வைக்காதீர்கள். வண்டி தாழ்ந்தால் அடிவயிறு கல்லில் இடிக்கும், காசு கொடுத்து வாங்கிய நன்மையே போய்விடும்.

பிறகு லீவர். கடையில் எல்லா வண்டிக்கும் ஒரே மாதிரிதான் முடுக்கிக் கொடுப்பார்கள். நீங்கள் நின்றுகொண்டு ஓட்டப்போகிறீர்கள், ஆகவே கிளட்ச், பிரேக் லீவர் இரண்டும் கொஞ்சம் கீழே சாய்ந்திருக்க வேண்டும். நின்றபடி கையை நீட்டினால் மணிக்கட்டு மடங்காமல் விரல் நேராக லீவரில் போய் உட்கார வேண்டும், அதுதான் அளவு. செயின் தொய்வு கையேட்டில் சொன்னபடி இருக்கிறதா என்று பாருங்கள். இந்த வண்டிகளில் செயின் கப்சாயைவிடத் தொய்வாகத்தான் இருக்கும், பின்சக்கரம் மேலும் கீழும் அதிகம் போய்வருவதால் இறுக்கி வைத்தால் செயினும் பேரிங்கும் கெடும்.

டயர் காற்று ரொம்ப முக்கியம். தார் ரோட்டுக்குக் கையேட்டில் உள்ள அளவு. செம்மண்ணில் இறங்கும்போது 18 பிஎஸ்ஐ வரை குறைத்தால் டயர் மண்ணோடு படிந்து பிடிக்கும். அதற்கும் கீழே போக வேண்டாம், இந்த டயர்களுக்குள் டியூப் இருக்கிறது, கல்லில் மோதினால் ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவே டியூப் நசுங்கிக் கிழியும். திரும்பி வரும்போது மறுபடி அடிக்க ஒரு சின்னக் கைப்பம்பு பையில் இருக்கட்டும்.

இன்னொன்று, இதில் விட்டுக்கொடுக்கவே மாட்டேன்: சிலிப்பர் போட்டுக்கொண்டு இந்த வண்டியில் ஏறாதீர்கள். சிரிம் (மலேசியத் தரச்சான்று) முத்திரை உள்ள ஹெல்மெட், கணுக்காலை மூடும் பூட்ஸ், கையுறை. வேலைக்குப் போடும் ரப்பர் பூட்ஸ் சிலிப்பரைவிடப் பரவாயில்லை, ஆனால் வண்டி காலில் சாய்ந்தால் அது கணுக்காலைக் காப்பாற்றாது. 250 சிசி வரை ஓட்ட பி2 உரிமம் வேண்டும். தோட்டத்துக்குள்தானே என்று நினைத்தாலும் அங்கே போய்ச்சேர ரோட்டில்தான் போகவேண்டும், ரோடு டாக்ஸும் காப்புறுதியும் இருக்கட்டும்.

இரண்டாம் படி: கியர்

இந்தப் பகுதியை அவசரப்படாமல் படியுங்கள். பெரும்பாலானவர்கள் தடுமாறுவது இங்கேதான்.

இஎக்ஸ்5 போன்ற கப்சாயில் கையில் கிளட்ச் இல்லை. முன்பக்க மிதியை அழுத்த அழுத்த கியர் ஏறும், ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. ஸ்க்ராம்ளரில் ஒன்றாம் கியருக்கு மட்டும்தான் கீழே அழுத்த வேண்டும். மற்ற எல்லாக் கியருக்கும் பாதத்தின் முன்பகுதியை மிதிக்கு அடியில் கொடுத்து மேலே தூக்க வேண்டும். நியூட்ரல் ஒன்றுக்கும் இரண்டுக்கும் நடுவில். அதாவது கப்சாயில் கியர் ஏற்றும் அதே அசைவு, இங்கே கியரை இறக்கும். மூன்றாம் கியரில் வேகமாகப் போகும்போது இன்னும் வேகம் வேண்டும் என்று பழைய பழக்கத்தில் கால் மிதியை அழுத்திவிட்டால், வண்டி இரண்டுக்கு இறங்கும், என்ஜின் கத்தும், பின்சக்கரம் ஒரு கணம் பிடித்துக்கொண்டு வழுக்கும். நேர் பாதையில் தப்பித்துக்கொள்ளலாம், வளைவில் முடியாது.

ஆகவே ஞாயிற்றுக்கிழமை காலையில் தோட்டத்துத் திடலுக்குப் போங்கள். என்ஜினை ஓட விட்டு ஒன்றாம் கியரில் போடுங்கள், ஆக்சிலேட்டரைத் தொடாமல் கிளட்ச்சை மட்டும் மெதுவாக விடுங்கள். ஓர் இடத்தில் என்ஜின் சத்தம் லேசாக இறங்கும், வண்டி ஒரு விரற்கடை முன்னால் சாயும். அந்த இடத்தை விரல்கள் மனப்பாடம் செய்யவேண்டும். அங்கேயே நிறுத்தி, மறுபடி உள்ளே இழுங்கள். மறுபடி விடுங்கள். வண்டி நகர்வதற்கும் நிற்பதற்கும் நடுவே, நடை வேகத்தைவிட மெதுவாக, கிளட்ச்சைக் கொண்டு மட்டும் திடலை ஒரு சுற்று வர முடிகிற வரை இதையே செய்யுங்கள். முழுக் கையால் பிடிக்காமல் இரண்டு விரலால் பிடிக்கப் பழகுங்கள், மற்ற விரல்கள் ஹேண்டிலை விடக்கூடாது.

அப்புறம் கியர் ஏற்றி இறக்கிப் பார்க்கலாம். காலைப் பார்க்காமல், மூன்றுவரை ஏற்றி, திரும்ப ஒன்றுவரை இறக்கி, வாயால் எண்ணிக்கொண்டே செய்தால் சீக்கிரம் படியும். வீட்டில் கப்சாயும் ஓட்டுகிறவர்களுக்கு இது நாள் எடுக்கும். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று மாற்றி ஓட்டும்போது வண்டியில் ஏறியதும் ஒரு தடவை மிதியை அசைத்துப் பார்த்துவிட்டுக் கிளம்புவது நல்லது.

மூன்றாம் படி: எழுந்து நில்லுங்கள்

கப்சாயில் நாம் உட்கார்ந்தே எல்லாம் செய்தோம். இங்கே மண் பாதையில் பெரும்பாலான நேரம் நிற்க வேண்டும். பாதத்தின் முன்பாதி கால்மிதியில், முழங்கால் கொஞ்சம் மடங்கி, டாங்க்கை முழங்காலால் இறுக்கி, முழங்கை வெளிப்பக்கம் விரிந்து. உடம்பின் எடை முழுக்க காலில் போகவேண்டும், கையில் அல்ல. கையில் எடை போட்டால் முன்சக்கரம் எந்தக் கல்லில் இடித்தாலும் அந்த அடி தோள்வரை வரும். ஹேண்டிலை லேசாகப் பிடித்துப் பாருங்கள், முன்சக்கரம் கொஞ்சம் அலையும், அலையட்டும். வண்டி தானே நேராகிக்கொள்ளும். அதை அடக்கப் பார்க்கும்போதுதான் விழுகிறோம்.

கண் முன்சக்கரத்தில் இருக்கக்கூடாது, பத்துப் பதினைந்து மீட்டர் தூரத்தில் இருக்கவேண்டும். பள்ளத்தையே பார்த்துக்கொண்டிருந்தால் வண்டி பள்ளத்துக்குத்தான் போகும்.

நான்காம் படி: இடமும் நேரமும்

தோட்டம் தனியார் நிலம். நிர்வாகத்திடமோ, குறைந்தது வாசலில் இருக்கும் ஜாகாவிடமோ (காவலாளியிடமோ) சொல்லிவிட்டுப் போங்கள். வேலை நாட்களில் காலையில் குலை வெட்டும் ஆட்கள் நீளக் கழியோடு நிற்பார்கள், குலை ஏற்றிய லோரி வளைவில் பாதையின் முழு அகலத்தையும் அடைத்துக்கொண்டு வரும். ஞாயிறு காலை நல்லது. சுமந்துகொண்டு நடப்பவர்களைக் கண்டால் வேகத்தைக் குறைத்து, தூசி கிளப்பாமல், ஒரு வார்த்தை பேசிவிட்டுப் போங்கள், அது அவர்கள் வேலை செய்யும் இடம்.

செம்பனைப் பாதையில் இரண்டைக் கவனியுங்கள். வெட்டிப்போட்ட மட்டையின் அடிப்பகுதியில் முள் வரிசையாக இருக்கும், டயரைத் துளைக்கும். வரிசைகளுக்கு நடுவே மட்டை அடுக்கிய பக்கம் போகாதீர்கள். இன்னொன்று, பாதையில் சிதறிக் கிடக்கும் உதிரிப்பழம். உருண்டையாகவும் இருக்கும், நசுங்கினால் எண்ணெயாகவும் இருக்கும். அதன்மேல் போகும்போது பிரேக்கும் பிடிக்கக்கூடாது, திருப்பவும் கூடாது, நேராகத் தாண்டிவிடுங்கள்.

ஐந்தாம் படி: மேடு

இப்போதுதான் மேட்டுக்கு வருகிறோம். சின்ன மேடாக, மேலே திரும்ப இடம் இருக்கிற மேடாகத் தேர்ந்தெடுங்கள், முதலில் நடந்து ஏறிப் பாருங்கள். நடக்கும்போது உங்கள் காலே வழுக்கினால் டயரும் வழுக்கும்.

கீழேயே இரண்டாம் கியரில் போட்டு, சமதளத்திலேயே வேகம் எடுத்து, மேட்டின் நடுவில் கியர் மாற்றாமல் ஏறவேண்டும். ஒன்றாம் கியரில் புதிதாக ஓட்டுகிறவர் கையில் ஆக்சிலேட்டர் துள்ளும், பின்சக்கரம் சுற்றிச் சுற்றி மண்ணைத் தோண்டும். நின்றபடி நெஞ்சை ஹேண்டிலுக்கு மேலே கொண்டுவாருங்கள், முன்சக்கரம் தூக்காது. ஆக்சிலேட்டரை ஒரே அளவில் வையுங்கள். பின்சக்கரம் வழுக்குகிறது என்று தெரிந்தால் கூட்டுவதற்குப் பதில் ஒரு நூலளவு குறையுங்கள், டயர் மறுபடி மண்ணைக் கவ்வும். அந்தக் கவ்வலைக் காலடியில் உணர்ந்துவிட்டால், அப்புறம் இந்த வண்டியை விட மனம் வராது, அவ்வளவு சுகமான விஷயம் அது.

பாதியில் என்ஜின் நின்றுவிட்டால்? எல்லாருக்கும் நடக்கும், இதையும் முன்கூட்டியே பழகுங்கள். உடனே கிளட்ச்சைப் பிடிக்கக்கூடாது. கியரிலேயே இருந்தால் பின்சக்கரம் பூட்டியதுபோல நிற்கும். கிளட்ச் பிடித்த மறுகணம் வண்டி பின்னால் உருளும், முன்பிரேக் மட்டும் அதைத் தாங்காது, ஏனென்றால் மேட்டில் எடையெல்லாம் பின்னால் இருக்கிறது. முன்பிரேக்கை அழுத்தியபடி மேட்டுப் பக்கமாகக் காலை ஊன்றி இறங்குங்கள். வண்டியை உங்கள் பக்கம், அதாவது மேட்டுப் பக்கம், சாய்த்து வையுங்கள். கிளட்ச்சைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுப் பிடித்து, பின்பக்கம் வளைந்து இறங்கி வண்டி மேட்டுக்குக் குறுக்கே வரும்வரை நகர்த்துங்கள். குறுக்கே வந்ததும் முன்பக்கம் கீழே பார்க்கத் திருப்பி, வண்டியில் ஏறி, மேட்டிலிருந்து கீழே இறங்கிவிடலாம். முடியவில்லையா, வண்டியைப் படுக்கப் போட்டுவிட்டு விலகி நில்லுங்கள். கீறல் விழும், விழட்டும். வண்டிக்குக் கீழ்ப்புறம் மட்டும் ஒருபோதும் நிற்காதீர்கள்.

ஆறாம் படி: இறக்கம்

ஒன்று அல்லது இரண்டாம் கியர், கிளட்ச்சை முழுதாக விட்டு, இடுப்பைப் பின்னால் தள்ளி. என்ஜினே வண்டியைப் பிடித்துவைக்கும். பின்பிரேக் லேசாக, முன்பிரேக் ஒரே விரலால். நியூட்ரலில் இறங்காதீர்கள்.

மழை வந்தால்

நம் பக்கம் மத்தியானம் வெயில் கொளுத்தி மாலையில் இடியோடு கொட்டுவது வழக்கம்தான். செம்மண்ணில் மழையின் முதல் சில நிமிடம் மிக மோசம், மேலே இருக்கும் தூசி குழம்பாகி, அடியில் மண் இன்னும் கெட்டியாக இருக்கும், டயருக்குப் பிடி கிடைக்காது. டயரின் கட்டைகளுக்கு நடுவே களிமண் அடைந்துவிட்டால் புது டயரும் மொட்டை டயர்தான். இறக்கத்தில் மாட்டிக்கொள்ளாமல் இருக்க, வானம் கறுத்ததுமே திரும்பிவிடுங்கள். மாட்டிக்கொண்டால் பாதை ஓரத்துப் புல்லில் டயரை ஓடவிடுங்கள், வேர் மண்ணைப் பிடித்துவைத்திருக்கும். லோரி போன தடத்துக்குள் இறங்கிவிட்டால் அதிலேயே நேராகப் போங்கள், நடுவில் வெளியே வரப் பார்த்தால் முன்சக்கரம் தடத்தின் சுவரில் வழுக்கும்.

வீட்டுக்கு வந்தபிறகு

செம்மண் காய்வதற்குள் கழுவுங்கள். வாட்டர்ஜெட்டைச் சக்கர அச்சு, செயின், காற்று வடிகட்டிப் பக்கம் நேராக அடிக்காதீர்கள், தண்ணீர் பேரிங்குக்குள் போனால் சில மாதங்களில் சத்தம் போடும். செயினைத் துடைத்து எண்ணெய் போடுங்கள். வெயில் மாதத்தில் தூசிப் பாதையில் போனால் வடிகட்டியைத் திறந்து பாருங்கள், சிவப்பாகத் தெரிந்தால் சுத்தம் செய்யும் நேரம் வந்துவிட்டது. முதல் என்ஜின் எண்ணெய் மாற்றத்தைக் கையேட்டில் சொன்ன கிலோமீட்டரிலேயே செய்யுங்கள், புது என்ஜினில் தேய்ந்து உதிரும் துகள் முதலில்தான் அதிகம்.

புது வண்டியில் ஸ்போக்ஸ் தளரும், இதைக் கடையில் பெரும்பாலும் சொல்லமாட்டார்கள். சின்ன ஸ்பேனரால் ஒவ்வொன்றையும் தட்டிக்கொண்டே சக்கரத்தைச் சுற்றுங்கள். இறுக்கமான கம்பி கணீரென்று ஒலிக்கும், தளர்ந்தது மந்தமாக ஒலிக்கும். மந்தமாக ஒலிப்பவற்றில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டுவிட்டு மோட்டார் கடைக்குக் கொண்டுபோய் முடுக்கச் சொல்லுங்கள், நீங்களாகவே ஒன்றை மட்டும் இறுக்கினால் ரிம் கோணிவிடும்.