கரப்பான் (எக்ஸிமா என்னும் தோல் நோய்) அரிப்புக்கு ஓட்ஸ் குளியல்

சுவை சேர்க்காத ஓட்ஸ் கால் கப் எடுத்து, மிக்ஸியில் மாவாக அரையுங்கள். ஒரு ஸ்பூன் மாவைத் தண்ணீரில் கலக்கினால் பால்போல் வெளுக்க வேண்டும். அடியில் தங்கினால் அரைத்தது போதாது, தோலில் படியாது. மாவை ஒரு வாளி வெதுவெதுப்பான நீரில் கரைத்து, அரிக்கும் இடத்தில் 10 நிமிடம் மெல்ல ஊற்றுங்கள். வெந்நீர் வேண்டவே வேண்டாம், தோலின் எண்ணெய்ப்பசையை அது எடுத்துவிடும்.

துண்டால் தேய்க்காமல் ஒற்றி, ஈரம் காயுமுன், 3 நிமிடத்துக்குள், வாசனை சேர்க்காத செக்குத் தேங்காயெண்ணெய் தடவுங்கள். ஈரத்தைப் பூட்டிவைப்பது இந்த எண்ணெய்தான். தாமதித்தால் குளியலே வறட்சியைக் கூட்டும்.

எலுமிச்சை, பூண்டு, கடுகெண்ணெய் எல்லாம் வெடித்த தோலை எரிக்கும், தொடாதீர்கள். மருத்துவர் தந்த களிம்பை நிறுத்தாதீர்கள். சீழ், மஞ்சள் பொருக்கு, காய்ச்சல் கண்டால் அன்றே மருத்துவரிடம் போங்கள்.